கிழக்கு அறைச் சுவர் காயட்டும்

யசோதாவைச் சண்டைக்காரி என்று சொல்பவர்கள் கல்கத்தா லேக் கார்டன்ஸில் நிறையப் பேர். காய்கறி வண்டிக்காரர், காஸ் சிலிண்டர் தூக்கி வருபவர், தெருமுனை கிளப் ஆட்கள், ஏன், சொந்த நாத்தனார் கல்பனாவும் அந்தக் கட்சிதான். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயைத் திறந்து சண்டை போடுகிற ஆள் ஒருத்தி அந்த வீட்டில் இல்லாமல் போயிருந்தால், ஒன்பது வயசுப் பெண் குழந்தை இன்றைக்கும் அத்தை வீட்டுக் கட்டிலில்தான் படுத்துக்கொண்டிருக்கும். அதை யாராவது சொல்கிறார்களா? மாட்டார்கள். அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் பிறந்து வளர்ந்தது கிடர்பூரில். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. லாரி ஹாரனும் கைவண்டிக்காரர்களின் கூச்சலும் ஓயாத தெரு அது. அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழ வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். பி.காம். முடித்த கையோடு அதே கிடர்பூரில், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தாள். பதினேழு வருஷம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பருப்பு வந்த கன்டெய்னரைத் திறந்தார்கள். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். மூட்டைக்குள் பருப்பு முளைவிட்டிருந்தது. மழைத் தண்ணீர் ஒரு துளி உள்ளே போகவில்லை. ஏற்றும்போதே இருந்த ஈரம்தான். கதவை இறுக்கி மூடிவிட்டதால் போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி அத்தனையையும் கெடுத்துவிட்டது. ஈரத்துக்கு வழி விடாதவன் முட்டாள் என்பதை யசோதா இருபத்தோரு வயசிலேயே மூக்கால் முகர்ந்து தெரிந்துகொண்டாள்.

கல்யாணம் ஆகி வந்த இடம் லேக் கார்டன்ஸ். கணவன் தியாகராஜன் அரசு வங்கியில் அதிகாரி. தாத்தா காலத்திலிருந்தே கல்கத்தாக்காரர்கள். நல்ல மனுஷர், அதட்டிப் பேசத் தெரியாதவர். இந்த நல்ல மனுஷர்களோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். அம்மா சின்ன வயசிலேயே போய்விட, பத்து வயசு மூத்த அக்கா கல்பனாதான் அவரை வளர்த்தாள். ஆகவே அக்கா சொன்னால் சொன்னதுதான். நாற்பத்திரண்டு வயசில், வங்கியில் முப்பது பேரை வேலை வாங்குகிற மனுஷர், அக்காவின் எதிரில் மட்டும் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் இத்தனைக்கும் ஆரம்பம்.

வீடு கீழ்த்தளம். தெருவை ஒட்டிக் கிழக்கே ஒரு அறை. அதன் வெளிச்சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிரும். கல்கத்தாவில் இதற்கு நோனா என்று பெயர். பழைய வீடு என்றால் நோனா இருக்கும் என்று இங்கே எல்லோரும் சகஜமாகச் சொல்வார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசினார்கள். யசோதாவின் அம்மாவுக்குத் திருச்சியில் கண் ஆபரேஷன். அவள் அங்கே போயிருந்தாள். பூசிப் பத்தாம் நாள் நவராத்திரி. அந்த வீட்டில் கொலு தலைமுறையாகக் கிழக்கு அறையில்தான். "மொட்டைச் சுவத்துக்கு முன்னாடியா அம்பாளை உட்கார வெக்கறது?" என்றாள் கல்பனா. தியாகராஜன் தலையை ஆட்டினார். ஒரே நாளில் பட்டி பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்தாகிவிட்டது. திருச்சியிலிருந்து திரும்பி வந்த யசோதா சுவரில் கையை வைத்தாள், ஜில்லென்று இருந்தது. "இது காயவே இல்லையே, யார் அடிக்கச் சொன்னா?" என்று கேட்டதற்கு, "அடிச்சாச்சு, விடேன்" என்றார் தியாகராஜன்.

ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அடுத்த மழைக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிற்று. அதற்கடுத்த மழைக்கு அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. அந்த அறையில்தான் மகள் சுபிக்ஷா படுப்பாள். அவளுக்கு இருமல் வந்தது, அப்புறம் இளைப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். இதற்குக் கல்பனா கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? "பகல் பூரா ஆத்துல மனுஷா கிடையாது. ஜன்னலைத் திறந்து வெக்க ஆளில்லே. அவளுக்கு ஆபீஸ் பெரிசாப் போயிடுத்து." சொந்தக்காரர்களின் கல்யாணம், சீமந்தம் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. கேட்டவர்கள் யசோதாவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பெயிண்ட் அடிக்கச் சொன்ன மனுஷர் பக்கத்தில் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். நாலு வருஷம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இல்லே அக்கா, அது என்னாலதான்" என்று அவர் வாயிலிருந்து வந்ததா? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருஷம் ஜூலையில் சுபிக்ஷாவுக்கு இளைப்பு முற்றி, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் வீட்டைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு, அந்தச் சுவரைச் சரி பண்ணிக் காய வைக்கிற வரைக்கும் குழந்தை அந்த வீட்டில் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கல்பனாவின் ஃப்ளாட் கரியாஹாட் பக்கம், ஐந்தாவது மாடி. காற்றும் வெயிலும் கொட்டிக் கிடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே போனாள் குழந்தை. சனி, ஞாயிறு யசோதா போய்ப் பார்ப்பாள். இருமல் குறைந்திருந்தது. அதில் சந்தோஷம்தான். ஆனால் மூன்றாவது வாரம், கிளம்புகிற நேரத்தில், "அம்மா, நீ போறச்சே கதவை மெதுவா சாத்து, அத்தைக்குச் சத்தம் பிடிக்காது" என்றாள் சுபிக்ஷா. யசோதா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே கல்பனா தியாகராஜனுக்குப் போன் பண்ணி யோசனை சொன்னாள். பூஜா விடுமுறை முடிந்து ஸ்கூல் திறக்கும்போது பஸ் ரூட்டை கரியாஹாட்டுக்கு மாற்றிவிடலாம். அதற்கு விண்ணப்பப் பாரமும் வாங்கி வைத்தாகிவிட்டது. குழந்தை ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். "பார்க்கலாம்க்கா" என்றார் இவர்.

"என்ன பார்க்கலாம்?" என்றாள் யசோதா. "பெத்தவா ரெண்டு பேர் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். ஸ்கூல் திறக்கற அன்னிக்கு என் பொண்ணு இந்த வாசல்லேர்ந்துதான் பஸ் ஏறணும். அந்தச் சுவத்தை நான் காய வெக்கறேன். நீங்க நடுவுல நுழையாம இருந்தா போறும்."

முர்ஷிதாபாத்காரர், கொத்தனார் சைஃபுல் மிஸ்திரி வந்தார். ஐந்தடி உயரத்துக்குச் சுவரைச் செங்கல் தெரியக் கொத்தி, அடியில் ஈரம் ஏறாமல் மருந்து வைத்து அடைத்து, செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டு தடவையாகப் பூசி முடித்தார். முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, வங்காள வழக்கப்படி அண்ணி என்று கூப்பிட்டுச் சொன்னார். "பௌதி, பத்து நாள் காலையும் சாயங்காலமும் தண்ணி அடிக்கணும். அது சிமென்ட் இறுகறதுக்கு. அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. ரெண்டு ஜன்னலும் திறந்தே இருக்கணும். சுவரை ஒட்டி ஒரு சாமானும் வைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் பேச்சே கூடாது."

"காஞ்சுடுத்துன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் யசோதா.

சைஃபுல் ஒரு சாண் சதுரமாகப் பாலிதீன் தாளை வெட்டி, நாலு ஓரத்தையும் டேப் ஒட்டிக் காட்டினார். சாயங்காலம் ஒட்டிவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். உள்பக்கம் நீர் பூத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். மூன்று நாள் தொடர்ந்து தாள் சுத்தமாக இருந்தால் காய்ந்துவிட்டது. அவ்வளவுதான் கணக்கு.

பத்து நாளும் யசோதா ஐந்து மணிக்கு எழுந்தாள். தண்ணீர் அடித்து, சமைத்து, பஸ் பிடித்துக் கிடர்பூர் போய், திரும்பி வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் மறுபடியும் தண்ணீர் அடித்தாள். அதற்கப்புறம் காற்றுக்கு விட்டு, தினமும் அதே ஐந்து மணிக்கு எழுந்து பாலிதீன் தாளைப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தால், கிழக்கு அறை ஜன்னல் இரண்டும் சாத்தி, நடுவில் ரூம் ஹீட்டர் கணகணவென்று எரிகிறது. வங்கி நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறார் தியாகராஜன். செப்டம்பர் மாசத்துக் கல்கத்தாப் புழுக்கத்தில் ஹீட்டர்!

"சீக்கிரம் காயுமேன்னு..." என்றார்.

"மேல் தோல் காஞ்சு வெடிக்கும், உள்ள ஈரம் அப்படியே நிக்கும். ஜன்னலையும் சாத்திட்டா அந்த ஆவி எங்கே போகும், உங்க பாங்க் லாக்கருக்கா? எடுங்கோ அதை!" ஹீட்டர் அன்றைக்கே திரும்பிப் போயிற்று. அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

இது இப்படியென்றால், அடுத்த வாரம் தெருவே வந்து அவள் ஜன்னலை அடைத்தது. துர்கா பூஜைக்கு கிளப்காரர்கள் மூங்கில் நட்டுப் பந்தல் போட ஆரம்பித்திருந்தார்கள். வருஷா வருஷம் போடுவதுதான். இந்த வருஷம் பந்தல் பெரிது. ஒரு சாயங்காலம் வந்து பார்க்கிறாள், கிழக்கு அறையின் இரண்டு ஜன்னலையும் மறைத்து மேலிருந்து கீழே வரைக்கும் தடித்த துணி இழுத்துக் கட்டியிருக்கிறது. அறைக்குள் பகலிலேயே இருட்டு. காற்று என்றால் மருந்துக்கும் இல்லை. மறுநாள் காலையில் பாலிதீன் தாளில் முத்து முத்தாக நீர்.

யசோதா நேரே கிளப்புக்குப் போனாள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் காயை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். செயலாளர் ரஞ்சன் எழுந்து வந்தார். அறுபது வயசுக்காரர், தெருவுக்கே ரஞ்சன்தா, அதாவது ரஞ்சன் அண்ணா.

"ரஞ்சன்தா, என் ஜன்னல்ல கட்டின துணியை எடுக்கணும்."

"பௌதி, அது கோயில் கோபுரம் மாதிரி வர்ற பக்கம். துணியை எடுத்தா டிசைனே போயிடும். ஒரு மாசம்தானே, கொஞ்சம் பொறுத்துக்கங்க. மா வர்றாங்க."

"எந்த மா?"

ரஞ்சன்தா சிரித்தார். "என்ன பௌதி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? மா துர்கா. வருஷத்துல அஞ்சு நாள் பொறந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு இல்லையா?"

அவ்வளவுதான். அந்தக் கிடர்பூர்க் குரல் கிளம்பிற்று. வங்காளத்தில்தான் பேசினாள், தெரு முழுக்கப் புரிகிற வங்காளத்தில். "உங்க பொண்ணு வீட்டுக்கு வரணும்னு பந்தல் போடறீங்க. போடுங்க. என் பொண்ணும் வீட்டுக்கு வரணும் ரஞ்சன்தா! ரெண்டு மாசமா அவ இங்க இல்லை. அந்தச் சுவர் காயலேன்னா வர மாட்டா. சுவர் காய அந்த ஜன்னல் ஒண்ணுதான் வழி. அதை மூடிட்டு எந்த முகத்தோட நீங்க அம்மாவைக் கூப்பிடுவீங்க? உங்க வீட்டுப் பொண்ணுக்குத்தான் பொறந்த வீடா? என் பொண்ணுக்கு வீடு கிடையாதா?" மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பந்தல்காரன் ஏணி போட்டு ஏறினான். இரண்டு ஜன்னல் அளவுக்குத் துணியை வெட்டி, ஓரத்தில் மூங்கில் பட்டையால் வளைவு கட்டி, கோபுரத்துக்கே ஜன்னல் வைத்த மாதிரி செய்துவிட்டுப் போனான். முன்னைவிட அழகாகவே இருந்தது. ரஞ்சன்தா எதிர்ப்பட்டபோது, "சுவர் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் தினமும் கேட்டார்.

மகாளய அமாவாசை நெருங்கும்போது பாலிதீன் தாளின் நடுவில் நீர் நின்றுபோய், கீழ் ஓரத்தில் மட்டும் லேசாகப் பனி மாதிரி தெரிந்தது. கருஞ்சாம்பலாக இருந்த சுவர் மேலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. இந்த வருஷம் கொலு ஹாலில் என்று யசோதா முன்பே சொல்லியிருந்தாள். தியாகராஜனும் தலையை ஆட்டியிருந்தார்.

கொலு வைக்கிற அன்றைக்கு ஒரு கப்பல் சரக்கை விடுவித்தே ஆக வேண்டும். ஆபீஸ் போய்விட்டு மாலை ஐந்து மணிக்கு வந்தாள். வாசலிலேயே சாம்பிராணி மணந்தது. ஹாலில் கொலு இல்லை. கிழக்கு அறையில், அந்தச் சுவரை ஒட்டி, ஏழு படி. படிக்கு மேல் வெள்ளை வேஷ்டி, அதற்குப் பின்னால் சுவரை அடியோடு மறைத்துப் பட்டுப் புடவை. புடவையைத் தொங்கவிட நாலு ஆணி, அதுவும் புதுப் பூச்சில்! ஜன்னல் இரண்டும் சாத்தியிருந்தன. தெருவோடு சண்டை போட்டு அவள் திறந்து வாங்கிய ஜன்னல்கள்.

"பந்தல் தூசி, தாக் மேளச் சத்தம், விளக்கு வேற அணைஞ்சு போறது" என்றாள் கல்பனா, மரப்பாச்சிக்குப் பாவாடை கட்டிக்கொண்டே. "ஹால்ல சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல வெப்பாளா? இந்த ஆத்துல என்னிக்கும் கொலு இங்கதான்."

யசோதா கணவனைப் பார்த்தாள். அவர் சீரியல் பல்பின் வயரை ரொம்ப அக்கறையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கலசம் வைத்தாகிவிட்டது. கலசம் வைத்துவிட்டால் விஜயதசமி வரைக்கும் நகர்த்தக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்; அவளும் நம்புகிறவள்தான். அதனால் வாழ்க்கையில் அபூர்வமாக ஒரு தடவை வாயை மூடிக்கொண்டாள். ஒன்பது நாள்தானே என்று நினைத்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

நாலாம் நாள் லீவு போட்டிருந்தாள், தியாகராஜனுக்கும் வங்கி விடுமுறை. சுண்டல் நைவேத்தியம் வைக்கக் காலையில் அறைக் கதவைத் திறந்தவுடனே அந்த வாடை. பருப்புக் கன்டெய்னரைத் திறந்தபோது வந்ததே, அதே வாடை. பட்டுப் புடவையை விலக்கினாள். புடவையின் பின்பக்கம் நனைந்து சுவரோடு ஒட்டியிருந்தது. பச்சையாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. பாலிதீன் தாளில் மறுபடியும் முத்து முத்தாக நீர் வழிந்தது. மேல்படியில் இருந்த காகிதக்கூழ் கிருஷ்ணர் முதுகு ஊறிப் பொதபொதவென்று இருந்தார். ஐந்து வாரம் ஐந்து மணிக்கு எழுந்தது எல்லாம் நாலே நாளில் தண்ணீராகிவிட்டது.

யசோதா கொஞ்ச நேரம் கலசத்தின் எதிரில் நின்றாள். "அம்மா, உன்னை நகத்தறேன். நீயும் பொண்ணைப் பெத்தவதானே, உனக்குத் தெரியாதா?" என்று வாய்விட்டுச் சொன்னாள். கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டுக் கலசத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் ஹாலில் டிவி இருந்த மேஜையில் வைத்தாள். டிவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்புறம் பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சுமந்தாள். தசாவதாரம், செட்டியார், கிருஷ்ணநகர் மண் பொம்மைகள், எல்லாம். கடைசியில் படிகளை இழுத்துப் போட்டு, ஜன்னலைப் படாரென்று திறந்தாள்.

பதினொரு மணிக்குக் கல்பனா சுபிக்ஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹாலில் சோபா மேலும் நாற்காலி மேலும் சாமிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கலசத்தை நகத்தினியா? நடுவுல கொலுவைக் கலைச்சியா? அடிப்பாவி, உனக்கு எவ்வளவு தைரியம்!" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "ஆத்துக்கு ஆகாதுடி இது! ஏற்கெனவே கொழந்தையை நோயாளி ஆக்கியாச்சு. ஆபீஸ் ஆபீஸ்னு ஓடி, ஆத்தை அடைச்சுப் போட்டு, சுவத்தைக் கெடுத்து, அவ மூச்சைக் கெடுத்து... இன்னும் என்ன பாக்கி வெச்சிருக்கே?"

யசோதா பார்த்துக்கொண்டிருந்தது சுபிக்ஷாவை. குழந்தை பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு, அத்தையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மாவாலயா எனக்கு இளைப்பு வந்தது?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

தியாகராஜன் நனைந்த கிருஷ்ணரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யசோதா ஆணியடித்த மாதிரி அவர் முகத்தையே பார்த்தாள். இப்போதும் இந்த மனுஷர் வாயைத் திறக்கவில்லை என்றால், இனி இந்த வீட்டில் தனக்குப் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்லே" என்றார் தியாகராஜன்.

"என்னடா இல்லே?" என்றாள் கல்பனா.

"அம்மாவால இல்லே, என்னால." கிருஷ்ணரைச் சோபாமேல் வைத்தார். "நாலு வருஷம் முன்னாடி ஈரச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான். நீ சொன்னே, நான் அடிக்கச் சொன்னேன். யசோதா அன்னிக்கு ஊர்லயே இல்லே. வந்து கேட்டா, வாயை அடக்கினேன். இப்பவும் கொலுவை இங்க வெக்க விட்டது நான்தான். அக்கா, நீ இனிமே அவளை ஒரு வார்த்தை சொல்லப்படாது. அந்த பஸ் பாரத்தையும் கிழிச்சுப் போட்டுடு."

கல்பனா அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி தன்னிடம் 'படாது' என்று சொல்லி அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. "நான் நல்லதுக்குத்தானேடா..." என்றாள். மத்தியானம் அவளே எழுந்து, ஹாலில் படிகளை அடுக்க ஒரு பக்கம் பிடித்தாள்.

அவர்கள் போன பிறகு தியாகராஜன் சமையலறை வாசலில் வந்து நின்றார். "யசோ, நான் சொல்லிட்டேன். போதுமோன்னோ? இனிமே கோபம் இல்லையே?"

யசோதா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நாலு வருஷம் ஊர் முழுக்க என்னைச் சொல்ல விட்டேள். இன்னிக்கு ஒரு நாள் சொல்லிட்டுப் போதுமான்னு கேக்கறேள். அந்தச் சுவத்துக்கே இன்னும் ஒரு மாசம் ஆகும். எனக்கு எத்தனை நாள் ஆகும்னு எனக்கே தெரியாது. அது வரைக்கும் மேல எதையும் பூசாதீங்கோ."

அவர் தலையை ஆட்டவில்லை. "சரி" என்றார். மறுநாள் காலையில் ஐந்து மணிக்கு யசோதா எழுந்து வந்தபோது, கிழக்கு அறையில் அவர் முழங்காலிட்டு, டார்ச் அடித்துப் பாலிதீன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜை முடிந்தது, லக்ஷ்மி பூஜை முடிந்தது, காற்றில் ஈரம் வடிந்து வறண்டது. காளி பூஜைக்கு முந்தின மூன்று நாளும் தாள் சுத்தமாக இருந்தது. சைஃபுல் வந்து தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டரும் சரி என்றார். கல்பனாதான் பெட்டியோடு குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். வெளுத்த சாம்பல் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "பெயிண்ட்?" என்று கேட்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கேட்காமலே விட்டுவிட்டாள்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தாள் யசோதா. மறுநாள் ஸ்கூல் திறப்பு. அன்றைக்கும் பழக்கத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கிழக்கு அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரம் உட்கார்ந்து, மகளின் நெஞ்சருகே காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. மறுபடியும் கேட்டாள். மூச்சு வருகிறது, போகிறது, வேறு ஒரு சத்தமும் இல்லை. நகர மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் தடாலென்று ஒரு சத்தம். காளி பூஜைப் பந்தலைப் பிரிக்கிறார்கள். மூங்கிலை மேலிருந்து வரிசையாகக் கீழே போடுகிறார்கள், இந்த விடியற்காலையில்! சுபிக்ஷா புரண்டு படுத்தாள். யசோதாவுக்கு வந்ததே கோபம்! ஜன்னலுக்குப் பாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ரஞ்சன்தா! அறிவு இருக்கா உங்க ஆளுங்களுக்கு? என் பொண்ணு வீட்ல தூங்கறா!"

ரஞ்சன்தா நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் நின்றவர், சட்டென்று முகம் மலர, உதட்டில் விரலை வைத்து மூங்கில்காரர்கள் பக்கம் திரும்பினார். அதற்கப்புறம் ஒவ்வொரு மூங்கிலையும் இரண்டு பேராகப் பிடித்து மெதுவாக இறக்கி வைத்தார்கள்.